உறை இல்லாத பாட்டு: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை பாட்டு வியாபாரம் பற்றி வந்த கடிதங்கள் மட்டும். பதில் எழுதுகிறவளைப் பற்றி முதலில் இரண்டு வரி. ஒரு ரெக்கார்டிங் கம்பெனியில் பதினெட்டு வருடம் 'லேபிள் காப்பி' எழுதினேன். கேசட், சி.டி. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் யார் பாட்டு, யார் வயலின், யார் ஒலிப்பதிவு என்று வருமே, அதுதான். தட்டு போனது, உறை போனது, பின்னாலேயே என் வேலையும் போனது. இப்போது சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களுக்கு அதே பெயர்களைக் கம்ப்யூட்டர் கட்டங்களில் நிரப்பித் தருகிறேன். எழுத்து அதே அளவு பொடி. கண்தான் முன்பு போல இல்லை.

எங்கள் பாட்டை 40,000 தடவை கேட்டிருக்கிறார்கள். வந்த தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று ரேட் உண்டா, கிடையாதா?
*— மூன்று பேர் குழுவில் கிடார் வாசிப்பவர்*

சிரிக்க மாட்டேன் தம்பி, இந்தக் கணக்கைப் பார்த்து அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ரேட் கிடையாது. 'ஒரு கேட்புக்கு இத்தனை பைசா' என்று யாராவது சொன்னால், அது வந்த பணத்தைக் கேட்ட எண்ணிக்கையால் பின்னாலிருந்து வகுத்துப் பார்த்த சராசரி. அடுத்த மாதம் அது மாறிவிடும்.

நடப்பது இது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்து வரும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஸ்ட்ரீமிங் கம்பெனி, அதாவது இணையத்தில் பாட்டை ஓடவிடும் செயலிக்காரர், பாட்டின் உரிமையாளர்களுக்கென்று ஒதுக்குகிறது. அது ஒரே உண்டியல். அந்த மாதம் நடந்த மொத்தக் கேட்பில் உங்கள் பாட்டுக்கு எத்தனை சதவீதமோ, உண்டியலிலும் அத்தனை சதவீதம் உங்களுக்கு.

நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இரண்டே இரண்டு சந்தாதாரர்களை வைத்துப் பாருங்கள். ஆளுக்கு மாதம் 100 கட்டுகிறார்கள். அதில் 65 உண்டியலுக்குப் போகிறது என்று வைத்தால் உண்டியலில் 130. முதல் ஆள் உங்கள் ரசிகர். மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டும் 10 தடவை கேட்டார். இரண்டாம் ஆள் ஒரு கடைக்காரர் மாதிரி, காலையில் போட்டுவிட்டால் இரவு வரை ஓடும். 990 தடவை வேறு யாருடைய பாட்டோ ஓடியது. மொத்தம் 1,000. உங்கள் பங்கு நூற்றில் ஒன்று, அதாவது 1.30. உங்கள் ரசிகர் வேறு யாரையும் கேட்கவே இல்லை, ஆனாலும் அவர் கட்டியதில் பெரும்பகுதி அவர் கேட்டே அறியாத ஒருவருக்குப் போய்விட்டது. அவரவர் பணம் அவரவர் கேட்டவருக்கு என்று பிரித்திருந்தால் உங்களுக்கு 65 வந்திருக்கும். சவுண்ட்கிளவுட் என்ற செயலி 2021-இல் சிறு இசைக்காரர்களுக்கு இப்படிப் பிரிக்க ஆரம்பித்தது. டீஸர் என்ற இன்னொரு செயலி, யுனிவர்சல் என்ற ரெக்கார்டிங் கம்பெனியோடு சேர்ந்து 2023-இல் வேறொரு வழிக்குப் போனது: மாதம் 500 வெவ்வேறு பேர் சேர்ந்து குறைந்தது 1,000 தடவை கேட்ட இசைக்காரருக்குப் பங்குக் கணக்கில் எடை இரண்டு மடங்கு, கேட்பவர் தானே தேடிப் போய்ப் போட்ட பாட்டுக்கு மேலும் கூடுதல். பெரும்பாலான இடங்களில் இன்னமும் ஒரே உண்டியல்தான்.

இதற்கு மேல், இலவசமாகக் கேட்பவர் வழியே வருவது சந்தாதாரர் வழியே வருவதைவிட மிகக் குறைவு. சந்தா மலிவான நாட்டிலிருந்து வருவதும் குறைவு. உங்கள் 40,000-இல் எது எவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டர் (உங்கள் பாட்டைச் செயலிகளில் ஏற்றி, பணத்தை வாங்கித் தரும் கம்பெனி) தரும் அறிக்கையில் நாடு வாரியாக, சந்தா வாரியாக இருக்கும். பெரிய எக்செல் கோப்பு. யாரும் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பாருங்கள். ஒரே பாட்டுக்கு ஒரு வரிசையில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு இன்னொரு வரிசையில் இருக்கும்.

கடைசியாக வந்த சொச்சத்தை மூன்றால் வகுக்க வேண்டும். மூன்றாலா, நான்காலா என்பதைப் பாட்டு வெளிவரும் முன்பே எழுதி வைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

நான் எழுதிய பாட்டு எல்லாச் செயலியிலும் இருக்கிறது. பாடியவர் பெயர் கொட்டை எழுத்தில். என் பெயரைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், இல்லை. பணமும் வரவில்லை. எனக்கு ஏதாவது உரிமை உண்டா?
*— பாடலாசிரியை*

உண்டு, அம்மா. அது தனி உரிமை, தனிப் பாதை. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. உங்கள் பாட்டைப் பத்துப் பேர் பாடிப் பத்து முறை பதிவு செய்தால் பாட்டு ஒன்று, ஒலிப்பதிவு பத்து. டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வரும் பணம் பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கான பணம். அது பாடியவர் கணக்குக்கோ தயாரித்தவர் கணக்குக்கோ போகும். எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரியது, அவர்கள் சார்பில் வசூலிக்கும் உரிமைச் சங்கம், பாட்டின் உரிமையைக் கவனிக்கும் பதிப்பாளர் வழியாக வர வேண்டும். அங்கே நீங்கள் உறுப்பினராகி, பாட்டையும் பதிவு செய்திருந்தால்தான் வரும். பதிவு செய்யாத பாட்டின் பணம் ஆள் தெரியாத பணமாகக் கிடக்கும். குறித்த காலம் வரை யாரும் கேட்காவிட்டால், பல இடங்களில் அதை மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள்.

இரண்டு சொத்துக்கும் இரண்டு எண். ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி., 12 இடம்: முதல் இரண்டு எழுத்து நாட்டுக் குறியீடு, அடுத்த மூன்று பதிவாளர், அடுத்த இரண்டு எண்கொடுத்த வருடம், கடைசி ஐந்து வரிசை எண். பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. இந்த இரண்டு எண்ணும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்றால், உங்கள் பாட்டு கோடி முறை ஓடினாலும் அது உங்கள் பாட்டு என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

பெயர் காணாமல் போவது புதிய வியாதி. உறையில் பெயர் போடாமல் விட்டால் அடுத்த நாளே வாசித்தவர் வாசலில் வந்து நிற்பார். தட்டை வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் பெயர் ஒட்டிக்கொண்டே போனது. இப்போது போவது ஒலிக் கோப்பு மட்டும். பெயர் தனியே ஒரு படிவத்தில் போகிறது, படிவத்தில் கட்டம் காலி என்றால் காலிதான். 2008-இல் வந்த ஸ்பாட்டிஃபையில் எழுதியவர் பெயரைக் கேட்பவர் பார்க்கும்படி வைக்க 2018 ஆனது. பத்து வருடம்!

பிறரைச் சொல்வானேன், நான் செய்ததையே சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு புல்லாங்குழல் கலைஞரின் மூன்று ஆல்பத்துக்குப் படிவம் நிரப்பினேன். ஆங்கில எழுத்தில் அவர் பெயரை முதலில் ஒரு 'ஏ' போட்டு எழுதினேன், அடுத்ததில் இரண்டு 'ஏ', மூன்றாவதில் முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் தள்ளினேன். உறையில் இதெல்லாம் யாரும் கவனிக்காத விஷயம். கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள் ஆகிவிட்டார். அதில் இரண்டாவது ஆளின் பெயர் எழுத்துக்கு எழுத்து வேறொரு நாட்டு டிரம்ஸ்காரருடைய பெயராக இருந்துவிட, குழல் ஆல்பம் நேரே அந்த டிரம்ஸ்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. காதைக் கிழிக்கும் நாலு ஆல்பத்துக்கு நடுவே ஒரு தாலாட்டு. அவருடைய ரசிகர்கள் எத்தனை பேர் நள்ளிரவில் திடுக்கிட்டார்களோ! நான் மின்னஞ்சல் எழுதி, படம் அனுப்பி, மறுபடி எழுதி, அதைப் பிரித்தெடுக்க நான்கு மாதம் பிடித்தது. கலைஞர் நல்லவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு மட்டும் தன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எழுத்துக்களுக்குக் கீழே கோடு போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் உங்கள் பாட்டைச் சங்கத்தில் பதியுங்கள். பிறகு வெளியிட்டவரிடம் அந்த ஒலிப்பதிவின் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவோடு சேர்த்துக் கொடுங்கள். 'எழுதியவர்' கட்டத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வெளிவந்த பிறகும் திருத்தலாம். 'இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொன்னால் நம்பாதீர்கள், அது சோம்பேறித்தனம்.

இப்போதெல்லாம் பாட்டில் முன்னிசையே இல்லையே, எடுத்தவுடன் பல்லவியில் குதிக்கிறார்களே, ஏன்?
*— பழைய ரசிகர்*

ஸ்பாட்டிஃபை முதலான இடங்களில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 28-ஆம் நொடியில் கேட்பவர் தள்ளிவிட்டால் பூஜ்யம். அந்தப் பயம்தான். ஆனால் இதற்காகக் காலத்தைத் திட்டாதீர்கள் ஐயா. நீங்கள் கொண்டாடும் மூன்று நிமிடப் பாட்டும் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும் என்பதால் வெட்டப்பட்டதே. தட்டு வெட்டியது அன்று, விரல் வெட்டுகிறது இன்று. முன்னிசை வேண்டுமென்றால் வைக்கட்டும். முன்னிசையே நன்றாக இருந்தால் யாரும் தள்ளுவதில்லை.

லேபிளில் சேரலாமா, டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் நானே வெளியிடலாமா?
*— கீபோர்டு வாசிக்கும் மாணவி*

முதல் பாட்டுதானே, நீயே வெளியிடு. கடைக்குச் சரக்கு போக லாரியும் கிடங்கும் தேவைப்பட்ட காலத்தில் லேபிளை, அதாவது ரெக்கார்டிங் கம்பெனியை, விட்டால் வேறு வழி இல்லை. இன்று ஒலிக் கோப்பும் ஒரு சதுரப் படமும் இருந்தால் சில நாளில் உலகம் முழுக்க எல்லாச் செயலியிலும் வந்துவிடும். லேபிள் இப்போது விற்பது பணம், ஆள்பலம், தெரிந்தவர்கள். அது தேவைப்படும் நாள் வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு ரகம். வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானத்தை முழுசாகக் கொடுப்பவர்கள் ஒன்று, கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ வைத்து வருமானத்தில் சதவீதம் எடுப்பவர்கள் இன்னொன்று. முதல் ரகத்தில் ஒரு கண்ணி உண்டு: சிலரிடம் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டை இறக்கிவிடுவார்கள். வங்கி அட்டை காலாவதியாகி, அதைக் கவனிக்காமல், மூன்று வருடப் பாட்டும் ஒரே காலையில் காணாமல் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவன் புதிய கம்பெனிக்குப் போனபோது பழைய ஐ.எஸ்.ஆர்.சி. எண்களைக் கொடுக்காமல் புதிதாக வாங்கிவிட்டான். சேர்த்து வைத்த கேட்பு எண்ணிக்கை எல்லாம் பழைய எண்ணோடு போயிற்று. கம்பெனி மாறினாலும் எண்ணை மாற்றாதே.

வெள்ளிக்கிழமை வெளியிடு, 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க அதுதான் வெளியீட்டு நாள். ஆனால் வியாழக்கிழமை ராத்திரி படிவம் நிரப்ப உட்காராதே. குறைந்தது மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடு. செயலிகளில் பாட்டுகளைத் தொகுத்துப் பட்டியல் போடும் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்க அந்த அவகாசம் வேண்டும்.

'பிளேலிஸ்டில் போட்டுத் தருகிறேன், லட்சம் கேட்பு நிச்சயம்' என்று ஒருவர் பணம் வாங்கினார். லட்சம் வந்தது. இரண்டே வாரத்தில் பாட்டை நீக்கிவிட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?
*— பெயர் வேண்டாம்*

பணம் கொடுத்ததுதான் தப்பு. 'நிச்சயம்' என்று சொன்னபோதே எழுந்து வந்திருக்க வேண்டும். மனிதர் கேட்பதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, இயந்திரத்தை ஓடவிடுகிறவருக்கு மட்டுமே அது முடியும்.

உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். லட்சத்தில் முக்கால்வாசி ஒரே நகரத்திலிருந்து. எல்லாக் கேட்பும் 31, 32 நொடியில் நிற்கிறது. ஒருவர்கூடச் சேமித்து வைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம்.

உண்டியல் பொது என்று முதல் பதிலில் சொன்னேனே, அதனால்தான் இது திருட்டு. போலிக் கேட்புக்குப் போகும் பணம் கம்பெனி பையிலிருந்து வருவதில்லை, மற்ற இசைக்காரர்கள் பங்கிலிருந்து வருகிறது. 2024-இல் அமெரிக்காவில் ஒருவர்மேல் வழக்குப் போட்டார்கள். ஏ.ஐ. கொண்டு லட்சக்கணக்கில் பாட்டு செய்து, போலிக் கணக்குகளை வைத்து ஓடவிட்டு, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அதே வருடத்திலிருந்து ஸ்பாட்டிஃபை, போலி அப்பட்டமாகத் தெரியும் பாட்டுக்கு லேபிளிடமும் டிஸ்ட்ரிபியூட்டரிடமும் அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு உண்மையை எழுதுங்கள், பணம் கொடுத்த ரசீது இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். பாட்டு திரும்பலாம். அந்த லட்சம் திரும்பாது.

பல வருடமாகக் காசு கொடுத்து டவுன்லோடு செய்த பாட்டுகள் இருக்கின்றன. பழைய தட்டைப் போல விற்க முடியுமா?

முடியாது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் இதே கேள்விக்கு 'முடியாது' என்றது: தட்டு கைமாறும்போது அதே தட்டு போகிறது, கோப்பு கைமாறும்போது இன்னொரு பிரதி உண்டாகிறது, பிரதி எடுக்கும் உரிமை உங்களிடம் இல்லை. கேட்டுக்கொண்டிருங்கள், கூடவே வேறோர் இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் கடை வைத்திருந்தேன். எம்பி3 வந்து எங்களை ஒழித்தது. மொத்தத் தொழிலும் செத்துவிட்டது என்கிறேன், மகன் மறுக்கிறான். யார் சரி?
*— ஓய்வுபெற்ற வியாபாரி*

இரண்டு பேருமே, ஐயா. 1999-இல், பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்ததிலிருந்து ஏறக்குறைய பதினைந்து வருடம் தொழில் சரிந்தது நிஜம். 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை பாட்டு ஒன்று 99 சென்ட் என்று விற்க ஆரம்பித்தும் சரிவு நிற்கவில்லை. பன்னிரண்டு பாட்டுள்ள தட்டை வாங்கியவர் இரண்டே பாட்டை வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். பிறகு சந்தா வந்து தூக்கியது. 2024-இல் உலக ஒலிப்பதிவு வருமானம் 2,960 கோடி டாலர் என்கிறது ரெக்கார்டிங் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐ.எஃப்.பி.ஐ., தொடர்ந்து பத்தாவது வருட ஏற்றம். அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். தொழில் பிழைத்துக்கொண்டது. செத்தது கடை. உங்கள் மகனிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். 'இதைக் கேட்டுப் பார், உனக்குப் பிடிக்கும்' என்று ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கு எந்தச் சந்தாவும் பங்கு தரவில்லை.

அப்பா முப்பது வருடம் முன்பு இரண்டு கேசட்டுக்கு வாசித்தார். அவை இப்போது செயலிகளில் ஓடுகின்றன. கம்பெனி, 'ஒப்பந்தப்படி ஒன்றும் வராது' என்கிறது. வீட்டில் பழைய ஒப்பந்தமும், ஒரு பெட்டி ஸ்பூல் நாடாவும் இருக்கின்றன. என்ன செய்வது?
*— மகள்*

ஒப்பந்தம் கையில் இருக்கிறதே, பாதி கிணறு தாண்டியாகிவிட்டது. மூன்று இடத்தைத் தேடுங்கள்.

முதலில், 'இன்று உள்ள, இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்' என்பது போல ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் வெளியிடும் உரிமை அநேகமாகக் கம்பெனிக்குத்தான். 'கேசட்' என்று மட்டும் இருந்தால் வக்கீலிடம் போகக் காரணம் இருக்கிறது.

அடுத்து, விற்பனைக்கு ஒரு சதவீதம், பிறருக்கு லைசென்ஸ் கொடுத்தால் வேறு சதவீதம் என்று தனித்தனியாக இருக்கிறதா? 2010-இல் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பு நிறுவனம் இதை வைத்தே ஜெயித்தது. ஒப்பந்தத்தில் தட்டு விற்றால் 12 முதல் 20 சதவீதம், லைசென்ஸ் என்றால் 50. டவுன்லோடு என்பது விற்பனை என்றது கம்பெனி. கடைக்குத் தட்டு கொடுக்கவில்லையே, பிரதி எடுத்து விற்க அனுமதிதானே கொடுத்தீர்கள், அது லைசென்ஸ் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அது அந்த நாட்டுச் சட்டம், அந்த ஒப்பந்தத்தின் வார்த்தை, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மூன்றாவது, கழிவுகள். 'உடைசேதம் 10 சதவீதம்' என்று இருக்கலாம். அரக்குத் தட்டு வழியில் உடைந்துபோன காலத்தில் வந்த வரி. வினைலுக்கும் வந்தது, சி.டி.க்கும் வந்தது, சில ஒப்பந்தங்களில் டவுன்லோடுக்கும் வந்தது. உடையவே முடியாத பொருளுக்கு உடைசேதம்! நானே அப்படிப்பட்ட தாள்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், ஒரு நாளும் 'எது உடையும்?' என்று கேட்கவில்லை. உறை, அட்டைச் செலவு என்றும் ஒரு கழிவு இருக்கும். அறிக்கையில் இன்னும் அதைப் பிடிக்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

நாடாவை வீட்டில் இருக்கும் பழைய இயந்திரத்தில் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் சுற்றிக் கிடந்த நாடாவில் பூச்சு இளகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் ஒரே ஓட்டத்தில் உரிந்து வந்துவிடும். பழைய நாடாவைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கோப்பாக மாற்றுங்கள். அதற்கு முன், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு அட்டைக்குள்ளும் பாருங்கள். ஒலிப்பதிவு அறையில் அந்தக் காலத்தில் ஒரு சீட்டு போடுவோம்: தேதி, எத்தனையாவது டேக், யார் யார் வாசித்தார்கள். பென்சிலில் இருக்கும், மங்கியிருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். படிக்க முடிகிற வரை படித்து, எல்லார் பெயரையும் எழுதித் தருகிறேன்.